மாமாவின் வெப்லிக்கு விலை போட்ட கதை

பழைய ரிவால்வரை விற்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எந்த வருஷத்துது?" அல்ல, "என்ன காலிபர்?" என்பதுதான். குழலின் உள்விட்டம் எத்தனை அங்குலம் என்பதுதான் காலிபர். அந்தப் பதிலிலேயே விலையில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. எந்தக் கம்பெனி, என்ன வரலாறு, எவ்வளவு பளபளப்பு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதை எங்கள் அத்தைக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாமா ராணுவப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸ்காரர். ராணுவத்தில் சேர்ந்ததும் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரை, ஓய்வு பெற்று வீடு கட்டியதும் அதே அல்சூரில்தான். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர். அவர் வைத்திருந்தது .38 வெப்லி மார்க் 4, இங்கிலாந்தின் வெப்லி கம்பெனி ரிவால்வர். மேலே பூட்டைத் திறந்தால் நடுவில் மடங்கும் ரகம். அவர் போன பிறகு அது அலமாரியில் கிடக்கக் கூடாது என்பது வீட்டில் பலருக்குத் தெரியவில்லை. உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் ஆயுதத்தைத் தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. நாங்கள் கடையைத் தேர்ந்தெடுத்தோம். மாதவாடகை உண்டு, ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார்கள். ஸ்டேஷன் மால்கானாவில், அதாவது சாமான் கிடங்கில், தேர்தலுக்குத் தேர்தல் ஒப்படைத்து எடுத்த துப்பாக்கிகள் எந்தக் கோலத்தில் திரும்பி வரும் என்று மாமாவே புலம்பியிருக்கிறார்.

வாரிசுகள் தங்கள் பெயருக்கு உரிமம் கேட்கலாம், விதிகளில் அதற்கு இடம் உண்டு. அத்தைக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி சென்னையில், இன்னொருத்தி கனடாவில். இருவருமே "வேண்டவே வேண்டாம், வித்துடுங்க" என்றார்கள். பெங்களூரிலேயே இருப்பவன், தொழிற்சாலைக் கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கடைக்காரர் உரிமப் புத்தகத்தைப் புரட்டினார், துப்பாக்கியை ஒரு தரம் மடக்கிப் பார்த்தார், "பி.பி. சார். 20,000 தரேன்" என்றார். அத்தை முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இன்னொரு வெப்லி இருந்தது, அதற்கு லட்சங்களில் விலை சொன்னார். "அதுவும் இதுவும் ஒண்ணுதானேப்பா?" என்று அத்தை என்னைக் கேட்டார்.

ஒன்றில்லை. அது .32. வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி மார்க் 4 வடிவத்தை .38, .32 இரண்டிலும் செய்தது. .32 நம் நாட்டில் தடை இல்லாத காலிபர். சாதாரணக் குடிமகன் பெங்களூரில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, கிடைத்தால், வாங்கலாம். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரே வெப்லி அச்சில் வந்ததுதான். 2020-இல் வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்துச் சண்டீலாவில் .32 தயாரிக்கப் போவதாகச் செய்தி வந்தது. ஆனாலும் அசல் இங்கிலாந்துச் சரக்குக்கு இங்கே தனி மயக்கம். 1980-களின் நடுவில் தனியார் கைத்துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால், உள்ளே இருப்பது மட்டுமே கை மாறிக்கொண்டிருக்கிறது. அந்தத் தட்டுப்பாட்டுக்குத்தான் லட்சங்கள். துப்பாக்கியின் தரத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்பது எனக்குச் சந்தேகம்தான்.

.38 படைகளின் காலிபர் என்பதால் தடை செய்யப்பட்ட வகை. கடைக்காரர் சொன்ன பி.பி., ப்ராஹிபிட்டட் போர், அதுதான். அதற்கு உரிமம் தருவது மத்திய உள்துறை அமைச்சகம். அப்படிப்பட்ட உரிமம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரிலும் உரிமத்தில் இன்னொரு துப்பாக்கிக்குக் காலி இடம் இருப்பவர்கள் இன்னும் குறைவு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்ததும், மூன்றாவதைக் கழிக்க வந்தவர்களால் கடைகளில் சரக்கு சேர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் முழுக்கணக்கையும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு யோசனையும் சொன்னார். "ரொம்ப ரஃப்பா இருக்கு. பாலிஷ் போட்டு நிக்கல் ஏத்திடலாம். பளிச்சுன்னு ஆயிடும், 5,000 கூடக் கிடைக்கும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. மர்பி டவுனில் மாமாவுக்குத் தெரிந்த ஓர் ஆர்மரர் இருக்கிறார். ராணுவத்தின் பழுதுபார்ப்புப் படையான ஈ.எம்.இ.யில் துப்பாக்கி பழுது பார்த்தே ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய மனிதர், "கர்னல் சாப் ரிவால்வரா?" என்று உடனே கிளம்பி வந்தார். கடையிலேயே, கடைக்காரர் முன்னால்தான் பார்த்தோம்.

கட்டைவிரலால் பூட்டு நெம்புகோலை அழுத்தி மடக்கி, ஆறு அறையும் காலி என்பதை முதலில் எங்கள் இருவருக்கும் காட்டினார். மடக்கும்போது சிலிண்டருக்கு நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழும்பி, தோட்டா ஓடுகளை ஒன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் டக்கென்று உள்ளே இறங்க வேண்டும். இறங்கியது. மூடிவிட்டு, ஒரு கையில் பிடியையும் மறு கையில் பேரலையும் பிடித்து, காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். நானும் ஆட்டிப் பார்த்தேன். அசைவே இல்லை.

"இந்த மாதிரித் துப்பாக்கிக்கு உயிர் இந்தக் கீலும் பூட்டும்தான் தம்பி. மத்ததெல்லாம் மாத்திக்கலாம். சினிமாவுல ஒத்தக் கையால உதறி மூடுறான் பாருங்க, அப்படிப் பத்து வருஷம் மூடினா கீல் ஆடிப்போயிடும். அதுக்கு மருந்து கிடையாது."

அடுத்தது சிலிண்டர். தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். ஹேமர் முழுக்க நின்று கொள்வதற்குள் சிலிண்டர் சுழன்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டும் முன்பே ஹேமர் நின்றுவிட்டால் தோட்டா பேரலுக்கு நேராக இல்லை என்று அர்த்தம். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பார்த்தார். ஓர் அறையை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது பலர் செய்கிற காரியமாம். டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே சிலிண்டரை இடவலமாகத் திருகிப் பார்த்தார், முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். சிலிண்டருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளிக்கு என் பழைய ஃபீலர் கேஜ், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு, உதவியது. 0.15 மில்லிமீட்டர் தகடு போனது, 0.20 போகவில்லை. "போதும், வயசுக்கு நல்லா இருக்கு" என்றார்.

பேரலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது தோட்டாவைச் சுழலவைக்கும் ஏழு சுருள் பள்ளங்களும் தெளிவாகத் தெரிந்தன. வாய்ப்பக்கம் லேசாகக் கருமை, குழி இல்லை. தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் அந்தக் காலத்து ப்ரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு அது உப்பாகக் குழலில் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் விட்டுத் துடைத்தால் உப்பு கரையாது, கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். அதனால்தான் பழைய சர்வீஸ் ரிவால்வர்களில் பாதி உள்ளே அம்மை வடு மாதிரி இருக்கும் என்றார். ரேஞ்சுக்குப் போய் வந்த அன்றெல்லாம் மாமா சமையலறைக்கு வந்து கெட்டிலைத் தூக்கிப் போவார் என்றும், அதற்காகத் தான் திட்டியதையும் அத்தை இதைக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

குறையும் இருந்தது. இடப்பக்கம் பேரலை ஒட்டித் துருப்புள்ளிகள். வருஷக்கணக்கில் தோல் உறையிலேயே வைத்திருந்ததன் பலன். தோலைப் பதப்படுத்திய உப்பும் அது உறிஞ்சும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும். உறை ரிவால்வரோடு போக வேண்டும், ஆனால் ரிவால்வர் உறைக்குள் இருக்கக் கூடாது. கறுப்புப் பிடியில் ஒரு பக்கம் கீழ்மூலை சற்று உடைந்திருந்தது. மாற்றுப்பிடி போடாமல் உடைந்த அசலையே மாமா வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

கடைக்காரர் 'ரஃப்' என்றாரே, விஷயம் அங்கேதான் இருந்தது. துப்பாக்கியின் உடற்பகுதியான பிரேமின் மேல் கடைசல் கருவியின் கோடுகள் அப்படியே தெரியும். ஆர்மரர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்தைக் காட்டினார்: வார் ஃபினிஷ். இரண்டாம் உலகப் போரில் அவசரத்தில் மெருகுக்கு நேரம் செலவழிக்காமல் அனுப்பியதை, எங்கள் வழக்கமான வேலைப்பாடு இதுவல்ல என்று சொல்வதுபோல் கம்பெனியே முத்திரை குத்தி அனுப்பியது. என் தொழிலில் கடைசல் கோடு தெரிந்தால் ரிஜெக்ட். இங்கே அந்தக் கோடுதான் பிறப்புச் சான்றிதழ். அதன் மேல் நிக்கல் ஏற்றினால் முத்திரையும் மழுங்கும், கோடும் போகும். கூடவே அம்புக்குறி, அதன் கீழே ஆங்கில ஐ எழுத்து: இந்திய அரசின் உடைமை என்பதற்கான அடையாளம். பிரேம், பேரல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே எண். சிலிண்டர் மாறிப்போன துப்பாக்கிகளைத்தான் தான் அதிகம் பார்த்திருப்பதாகச் சொன்னார். கிடங்கில் பத்தைப் பிரித்து ஏழாகச் சேர்க்கும் பழக்கம் எல்லா ராணுவத்திலும் உண்டு.

கடைக்காரர் இதை என்ஃபீல்டு என்று சீட்டில் எழுதியிருந்தார். சின்னக் குழப்பம்தான், பலருக்கு வருவது. வெப்லியின் வடிவத்தை வைத்தே பிரிட்டிஷ் அரசு தன் என்ஃபீல்டு தொழிற்சாலையில் நம்பர் 2 ரிவால்வரைச் செய்துகொண்டது. வெப்லி கம்பெனி நஷ்ட ஈடு கேட்டு, கடைசியில் 1,250 பவுண்டு வாங்கியது. பிறகு போர் வந்து என்ஃபீல்டு போதாமல் போனதும், அதே அரசு வெப்லியிடமே போய் மார்க் 4 வாங்கியது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. சீட்டைத் திருத்தி எழுதச் சொன்னோம். விற்பனைப் பதிவில் மாடல் பெயர் தப்பாக இருந்தால் பின்னால் தொல்லை.

இனி அத்தை சொன்ன கதைக்கு வருகிறேன். 1971 போரில் மாமா இடுப்பில் இருந்தது இதே ரிவால்வர்தான் என்று அத்தை உறுதியாக நம்பினார். அதற்காகவே விலை கூடும் என்றும் நினைத்தார். "எழுத்துல இருக்கா அம்மா?" என்று ஆர்மரர் பணிவாகக் கேட்டார். மாமாவின் டிரங்குப் பெட்டியில் தேடினோம். கிடைத்தது ஜபல்பூர் ஆயுதக் கிடங்கின் வவுச்சர். அதிகாரிகளுக்குக் கிடங்கிலிருந்து பழைய ரிவால்வர்களை விலைக்குக் கொடுப்பது உண்டு, அப்படி வாங்கியது. தேதி 1978. ஆக, 1971-இல் அவர் வைத்திருந்தது வேறொன்று. அத்தைக்கு வருத்தம்தான். ஆனால் அந்த மஞ்சள் காகிதம் விலைக்கு உதவிய அளவுக்கு அந்தப் போர்க்கதை உதவியிருக்காது. துப்பாக்கி எண், வாங்கியவர் பெயர், பதவி, கிடங்கு முத்திரை எல்லாம் அதில் இருந்தன. எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி எழ வழியில்லை.

இதற்குப் பிறகு எனக்கு ஒரு விஷயம் தெளிவாகியது. .38-ஐ வாங்க முடிந்தவர்கள் சிலர்தான், ஆனால் அந்தச் சிலரில் பெரும்பாலோர் படையில் இருந்தவர்கள். என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தவர்கள். பத்தாயிரம் பேர் வாங்கக்கூடிய .32-க்குப் பளபளப்பு விலை கூட்டலாம். எங்களுடையதற்கு அந்தப் பளபளப்பே இருக்கிற ஒன்றிரண்டு ஆட்களையும் விரட்டிவிடும். கடைக்காரர் சொன்ன 20,000, அவர் கடையில் அது எத்தனை வருஷம் தூங்கும் என்பதற்கான விலை. அவர் நிலையில் அது நியாயம்தான். நாங்கள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

ஆர்மரர் நாலு இடத்தில் சொல்லி வைத்தார். முதலில் வந்தவர் தோட்டா கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வியும் நியாயமானதே. .38 ஸ்பெஷல் தோட்டா இதற்குச் சேராது. அதன் ஓடு நீளம் அதிகம், விட்டம் குறைவு. இதற்கானது குட்டையான பழைய ரகம். அடுத்து வந்தவர் ஓய்வு பெற்ற பீரங்கிப்படை அதிகாரி, பி.பி. உரிமத்தில் ஓர் இடம் காலியாக வைத்திருந்தவர். தமிழர் இல்லை, குடகுக்காரர். வவுச்சரைத்தான் முதலில் படித்தார். பிறகு வார் ஃபினிஷ் எழுத்தைத் தடவிப் பார்த்தார். துருப்புள்ளிக்கும் பிடி உடைசலுக்கும் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். 45,000-க்கு முடிந்தது, உறையும் சேர்த்து.

காகித வேலை சலிப்பானது, சுருக்கமாகச் சொல்கிறேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இரண்டு பெண்களின் ஆட்சேபணையில்லா வாக்குமூலம் நோட்டரியோடு. கனடாவிலிருந்து வர வேண்டியதுதான் எல்லாவற்றையும் இழுத்தடித்தது. தனியாள் தன் துப்பாக்கியை இன்னொரு தனியாளுக்கு விற்பதானால் முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் விஷயம் கடை மூலமாகப் போனாலும், தகவல் கடிதத்தை முதல் வேலையாகக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிட்டோம். மாமா உரிமத்துக்கு, ஆயுத உரிமங்களின் தேசியத் தரவுத்தளம் தரும் தனி அடையாள எண்ணான யூ.ஐ.என். ஏற்கெனவே ஏறியிருந்ததால் ஒரு தலைவலி மிச்சம்.

தோட்டாக்கள் தனிக்கணக்கு என்பதை மட்டும் யாரும் முதலில் சொல்லவில்லை. புனே அருகே உள்ள கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலை முத்திரையோடு கொஞ்சம் பழைய தோட்டாக்கள் ஒரு தகர டப்பாவில் இருந்தன. வாங்கியவர் பழையதை வேண்டாம் என்றுவிட்டார். உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையோடு சரிபார்த்து ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். அந்த ரசீது, ரத்தான உரிமத்தின் நகல், விற்பனைப் பதிவின் நகல் மூன்றும் இப்போது அத்தை வீட்டுப் பத்திரக் கோப்பில் இருக்கின்றன. வவுச்சரின் அசல் ரிவால்வரோடு போய்விட்டது. அத்தை கேட்டுக்கொண்டதால் அதற்கும் ஒரு நகல் எடுத்து வைத்தேன்.