பழைய அலுமினிய மலைச் சைக்கிளை நம்பலாமா?

பழைய அலுமினிய சைக்கிளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "இரும்பைப் போலத் துருப்பிடிக்காது, தாராளமாக ஓட்டலாம்" என்பார்கள். இல்லையென்றால் "ஆயுள் முடிந்திருக்கும், காயலான் கடைக்குப் போடு" என்பார்கள். அண்ணன் ஓட்டி ஓய்ந்து என்னிடம் தந்த மலைச் சைக்கிளைக் கரடுமுரடான பாதையில் இறக்கலாமா என்று முடிவெடுக்க இரண்டுமே உதவவில்லை.

எஃகில், ஓர் அளவுக்குக் கீழான அழுத்தம் எத்தனை லட்சம் முறை வந்தாலும் உலோகம் சோர்ந்து விரிசல் விடுவதில்லை. அலுமினியத்துக்கு அப்படியொரு தெளிவான எல்லை கிடையாது. சிறு அதிர்வும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதை ஈடுகட்டத்தான் குழாய்களைப் பருமனாகச் செய்து, சட்டகம் எளிதில் வளையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே, எத்தனை வருடம் ஆயிற்று என்பதைவிட எப்படி ஓட்டப்பட்டது என்பதுதான் முக்கியம். அண்ணனைக் குடைந்து கேட்டேன். உயரத்திலிருந்து குதித்ததில்லையாம். ஆனால் ஒருமுறை மரத்தில் நேருக்கு நேர் மோதியிருக்கிறார். அதை மட்டும் போகிற போக்கில் சொன்னார்!

எனவே தேடலை முன்பக்கத்திலிருந்து தொடங்கினேன். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவித் துடைத்துவிட்டு, ஹேண்டில்பார் கழுத்தோடு, பெடல் அச்சை நோக்கி இறங்கும் கீழ்க்குழாய் சேரும் இடத்தின் அடிப்பகுதியை விரலால் தடவினேன். நேர்மோதலில் குழாய் புடைப்பதும் சுருங்குவதும் அங்கேதான். புடைப்பு எதுவும் தட்டுப்படவில்லை. பிறகு கழுத்திலிருந்து பின்சக்கர அச்சின் இரு பக்கங்களுக்கும் நூல் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். இரண்டு பக்கமும் சமம். கோணியிருந்தால் அங்கேயே கைவிட்டிருப்பேன். வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தி ஓட்டச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

அடுத்து வெல்டிங் விளிம்புகள். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்வாகப் பிடித்தால்தான் கோடுகள் நிழல் விடும். பெடல் அச்சுக்கு மேலே, வெல்டிங்கை ஒட்டி மயிரிழை போல ஒரு கருங்கோடு. பஞ்சை மெல்ல இழுத்தேன், இழை சிக்கியது. ஆனால் பெயின்ட் மட்டும் வெடித்திருந்தாலும் பஞ்சு சிக்கத்தான் செய்யும். கோட்டின் இரு முனைகளையும் பென்சிலால் குறித்துவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் பெயின்டை நீக்கினேன். அடியில் உலோகம் பளபளவென்று முழுதாக இருந்தது. அப்படியும் மனம் ஆறவில்லை. வெல்டிங் பட்டறைகளில் பயன்படுத்தும் சிவப்புச் சாய ஸ்ப்ரேயை வாங்கி வந்து அடித்து, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சைத் தெளித்தேன். விரிசல் இருந்திருந்தால் அதற்குள் புகுந்த சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்திருக்கும். கசியவில்லை. கசிந்திருந்தால் வெல்டிங் வைத்து ஒப்பேற்றவும் இடமில்லை. வெப்பப் பதப்படுத்தலால் வந்த வலிமையை வெல்டிங்கின் சூடே அந்த இடத்தில் குறைத்துவிடும்.

சீட் போஸ்ட் அசைய மறுத்தது. அலுமினியக் குழாய்க்குள் எஃகுத் தண்டு, நடுவே வருடக்கணக்கில் வியர்வையும் மழைநீரும். வெள்ளைப் பொடியாக அரித்திருந்தது. இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்துத் திருகியதும் வந்தது. தண்டை இறுக்குவதற்காகக் குழாயின் மேல்முனையில் விட்டிருக்கும் பிளவில் விரிசல் உண்டா என்று பார்த்துவிட்டு, உட்புறத்தைத் துடைத்து கிரீஸ் பூசினேன். தண்டில் குறித்திருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியும்படி சீட்டை உயர்த்தக் கூடாது. உயரமானவர்களின் சைக்கிள்களில் அந்த இடம் கிழிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

சட்டகத்தைவிட எனக்குப் பயம் ஹேண்டில்பார் மேல்தான். சட்டகம் பெரும்பாலும் விரிசலாலோ கிறீச்சொலியாலோ முன்கூட்டிச் சொல்லும். ஹேண்டில்பார் ஒடிந்தால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். கிளாம்ப் கவ்வும் இடத்தில் விளிம்பு பதிந்து ஒரு கீறல் இருந்தது. அதற்குச் சோதனையே செய்யவில்லை, புதியதை மாற்றிவிட்டேன். பிரேக் கட்டை தேய்த்துத் தேய்த்து ரிம்மின் பக்கச்சுவர் குழிந்திருந்ததால் முன்சக்கரத்தையும் மாற்றினேன். டயர், பிரேக் கேபிள் எல்லாம் சொல்லாமலே புதிது.

இப்போது மண்பாதையில் ஓட்டுகிறேன், குதிக்கும் எண்ணமில்லை. பெயின்ட் நீக்கிய இடத்தில் நிறம் பூசாமல் நிறமற்ற வார்னிஷ் மட்டும் அடித்திருக்கிறேன். விரிசல் விட்டால் மறைய இடமில்லாமல் தெரியட்டும் என்றுதான். ஒவ்வொரு முறை கழுவும்போதும் முதலில் அங்கேதான் டார்ச் அடிக்கிறேன்.