பவுண்டனும் தீப்பந்தமும்

மும்பை மாட்டுங்காவில் வளர்ந்த எங்களுக்கு, ஃப்ளோரா நீரூற்று நிற்கும் சதுக்கம் வெறும் 'பவுண்டன்'தான். கோட்டைப் பகுதி அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்த அப்பா, "பவுண்டன்ல இறங்கி நடந்துட்டேன்" என்றுதான் சொல்வாரே தவிர, 'ஹுதாத்மா சவுக்' என்ற அதன் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பின்னாளில் நானும் அதே வழியாக வேலைக்குப் போய்வந்தேன். ஆனால், சென்ற டிசம்பரில் விருதுநகரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவை அழைத்துப் போனபோதுதான் அந்தச் சதுக்கத்தில் முதன்முறையாக நின்று பார்த்தேன்.

சர்ச்கேட் நிலையத்தில் இறங்கி வீர் நரிமன் சாலையில் கிழக்கே நடந்தோம். "சர்ச் எங்கேப்பா, கேட் எங்கே?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். செயின்ட் தாமஸ் தேவாலயத்துக்குப் போகும் வழியில் இருந்த கோட்டை வாயிலுக்குத்தான் அந்தப் பெயர். அது நின்றது ரயில் நிலையத்தில் அல்ல, இப்போது நீரூற்று நிற்கும் இடத்தில். 1860களில் ஆளுநர் பார்ட்டில் ஃபிரேர் கோட்டை மதில்களை இடிக்கச் செய்தபோது வாயிலும் போய்விட்டது; பெயர் மட்டும் மேற்கே நகர்ந்து நிலையத்தில் ஒட்டிக்கொண்டது.

நீரூற்றும் இந்த இடத்துக்கென்று பிறந்ததல்ல. மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம், இன்று ராணி பாக் என்று அழைக்கப்படும் பைகுல்லா விக்டோரியா தோட்டத்தில் வைப்பதற்காகத்தான் அதைச் செய்யச் சொன்னது. நார்மன் ஷா வடிவமைக்க, ஜேம்ஸ் ஃபோர்சித் செதுக்க, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த போர்ட்லாண்ட் கல்லில் 1864இல் அது உருவாயிற்று. அன்றைய கணக்கில் 47,000 ரூபாய் செலவு. அதில் 20,000 ரூபாயைத் தந்தவர் கர்செட்ஜி ஃபர்தூன்ஜி பாரேக் என்ற பார்சிப் பெருமகன். ஆளுநரின் பெயரைச் சூட்டுவதாக இருந்து, கடைசியில் உச்சியில் நிற்கும் ரோமானியப் பூத்தேவியான ஃப்ளோராவின் பெயரே நிலைத்தது. தோட்டத்தில் நிற்க வேண்டியவள் டாக்சிப் புகைக்கு நடுவே வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்குச் சற்றுப் பாவமாகத்தான் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது அவள் எண்ணெய் வர்ணப் பூச்சுக்குள் பொம்மை போல இருந்தாள். அந்தப் பூச்சையெல்லாம் உரித்து, குழாய்களைச் சீராக்கி, 2019 ஜனவரியில் மீண்டும் நீர் விட்டார்கள். "நம்ம ஊர்க் கோயில் தூணுக்கும் சுண்ணாம்பு அடிச்சே கண்ணு மூக்கை மூடிடுறாங்களே, அதே கதிதான்" என்றார் சித்தப்பா. வேலிக்கு இப்பால் நின்றபடி மூலையில் இருந்த ஒரு பெண் உருவத்தின் சேலை போன்ற மடிப்பை அவர் வெகுநேரம் பார்த்தார். மடிப்பின் பள்ளத்தில் ஈரம் தங்கிக் கல் கருத்திருந்தது. மேடான விளிம்புகள் மட்டும் காய்ந்து, வெயிலில் மோர் நிறமாகத் தெரிந்தன.

அதன் அருகிலேயே, தீப்பந்தம் ஏந்திய உழவரும் தொழிலாளியும் நிற்கும் நினைவுச் சின்னம் இருக்கிறது. பம்பாயை மராத்தி மாநிலத்திலிருந்து பிரித்துத் தனியே வைக்கும் யோசனையை எதிர்த்து 1955 நவம்பர் 21 அன்று திரண்டவர்கள் மீது, மொரார்ஜி தேசாய் முதல்வராக இருந்த அரசின் காவல்துறை இங்கே சுட்டது. தொடர்ந்து நடந்த சம்யுக்த (ஒன்றுபட்ட) மகாராஷ்டிரப் போராட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1960 மே 1 அன்று மும்பையைத் தலைநகராகக் கொண்டு மகாராஷ்டிரம் பிறந்தது. சதுக்கத்தின் பெயரும் மாறியது.

"ஹுதாத்மான்னா தியாகிதானே?" என்று சித்தப்பா கேட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்பதால் நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்: வேள்வித் தீயில் இடும் ஆகுதியும் இந்த 'ஹுத'வும் ஒரே வேரில் வந்தவை, தன்னையே ஆகுதியாகத் தந்தவர் என்று பொருள். பிறகு எதுவும் சொல்லாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தேவநாகரி எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். வழிப்போக்கர்கள் திரும்பிப் பார்த்ததில் எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

அவர் நினைத்துக்கொண்டிருந்தது தம் ஊரைச் சேர்ந்த சங்கரலிங்கனாரை. 'தமிழ்நாடு' என்று பெயரிட வேண்டும் என்பது உட்பட்ட கோரிக்கைகளுக்காக 76 நாள் உண்ணாவிரதம் இருந்து, 1956 அக்டோபர் 13 அன்று உயிர்விட்டவர் அவர். பெயர் வந்ததோ 1969இல். "அந்த ரெண்டு மூணு வருசத்துல நாடு முழுக்க இதே நெருப்புதாம்ப்பா" என்றார்.

தாதாபாய் நௌரோஜியின் சிலையைப் போகிற போக்கில்தான் காட்டினேன், வெயில் ஏறிவிட்டிருந்தது. நிழலில் ஒதுங்கியதும் சித்தப்பா ஊரிலிருந்த சித்தியைக் கைப்பேசியில் அழைத்தார். எங்கே இருக்கிறீர்கள் என்று சித்தி கேட்டிருக்க வேண்டும். "ஹுதாத்மா சவுக்குல" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னவர், அது அங்கே புரியவில்லை போலும், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "பவுண்டன்மா, பவுண்டன்" என்றார்.