ஹேப்பி மட்டும் போதவில்லை

ரொம்ப நாளாக ஆங்கிலத்தில் என் மனசைச் சொல்ல என்னிடம் இருந்தவை ஹேப்பி, சேட் என்ற இரண்டே சொற்கள். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் நல்லபடியாக வந்த அன்றுகூட ஆபீஸில் ‘ஐ ஆம் ஹேப்பி’ என்றுதான் சொன்னேன். உண்மையில் அது ரிலீவ்ட், நம் ‘அப்பாடா’.

அன்றிலிருந்து நோட்டு போட்டு எழுதுகிறேன். மிகவும் பிடித்தது கன்டென்ட்: அடங்கியது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இன்னும் வேண்டும் என்று அலையாத மனம், நம் மனநிறைவுக்கு அவ்வளவு நெருக்கம். ஆனால் அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும், முதல் அசையில் விழுந்தால் அது யூடியூப் கன்டென்ட் ஆகிவிடும்.

அப்புறம், ஹேப்பியின் வேரான ‘ஹேப்’ என்றால் அதிர்ஷ்டம், தற்செயல். ஹேப்பன் (நடப்பது), பெர்ஹேப்ஸ் (ஒருவேளை), மிஸ்ஹேப் (அசம்பாவிதம்) எல்லாம் அதே குடும்பம். இது தெரிந்ததும் நான்கும் ஒரே நாளில் மனதில் தங்கிவிட்டன!

ஓவர்வெல்ம்ட் இன்னும் கொஞ்சம் குழப்புகிறது. அன்பால் திக்குமுக்காடினாலும் அதே சொல், வேலை கழுத்தை நெரித்தாலும் அதே சொல். இப்போதைக்கு இரண்டுக்கும் தனித்தனியாக வாக்கியம் எழுதிப் பழகுகிறேன்.