இங்கிலாந்தில் வகுப்பேற்றம், வரவு, பரீட்சை: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வந்த பெற்றோருக்கு

இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை பெயிலாகி அதே வகுப்பில் திரும்ப இருப்பதில்லை. செப்டம்பர் வந்தால் எல்லாரும் அடுத்த வகுப்பு. களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வந்து குடியேறும் பெற்றோர் பலருக்கு இதைக் கேட்டதும் மனம் ஆறிவிடுகிறது. ஆறக்கூடாது. ஊரில் தவணைப் பரீட்சைப் புள்ளியும் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்பதும் தேர்ச்சி அறிக்கையில் வந்துவிடும். பிள்ளை பின்தங்கினால் அந்தத் தவணையே வீட்டுக்குத் தெரியும். இங்கே பெரும்பாலான பள்ளிகள் எத்தனையாம் பிள்ளை என்று சொல்வதேயில்லை. வகுப்பேறியதை வைத்துப் பிள்ளை படிக்கிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. கேட்டு அறியாதவருக்கு அது தெரியவருவது பதினாறு வயதில், ஊரின் சாதாரண தரம் போன்ற ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையின் பெறுபேறு வரும்போதுதான்.

வகுப்பைத் தீர்மானிப்பது வயது. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஓகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. ஊரில் தரம் 1க்கு எடுப்பது ஜனவரி 31க்கு ஐந்து வயது நிறைந்த பிள்ளையை. இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது. 2010 மார்ச்சில் பிறந்த பிள்ளை ஒன்றை எடுங்கள். 2025இல் அது மட்டக்களப்பில் தரம் 10. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதே பிள்ளை 2025 ஒக்டோபரில் லண்டனுக்கு வந்தால் இயர் 11. ஜி.சி.எஸ்.ஈ. எழுதவேண்டியது 2026 மே மாதம். கையில் இருப்பது ஏழு மாதம். கூட இருக்கிற பிள்ளைகளோ இயர் 10 தொடக்கத்திலிருந்து அந்தப் பாடத்திட்டத்தைப் படித்து வருகிறவர்கள். ஆங்கில இலக்கியத்தில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்றும் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி மாட்டுப்படும் பிள்ளைக்கு, ஒரு வகுப்பு கீழே, இயர் 10இல் இடம் தரும்படி சேர்க்கை விண்ணப்பத்தோடேயே எழுத்தில் கேட்கலாம். தந்தே ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளையின் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்கு ஊர்த் தேர்ச்சி அறிக்கை உதவும். ஆகவே புறப்படும் முன்பே விடுகைப் பத்திரத்தோடு கடைசி இரண்டு வருடத் தேர்ச்சி அறிக்கையையும் அதிபரின் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த பிறகு என்றால் அம்மப்பாவோ மாமாவோ பள்ளிக்கூடத்துக்கு அலையவேண்டி வரும்.

வருட நடுவில் விண்ணப்பித்தால் 15 பள்ளி நாளுக்குள் பதில் தரவேண்டும். இடமில்லை என்றால் மேன்முறையீடு செய்யலாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் வீட்டு முகவரிக்கு ஆதாரமும் கேட்பார்கள். பெயரையும் அந்த நேரத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். எங்கள் கடவுச்சீட்டுகளில் தகப்பன் பெயர் முன்னுக்கும் பிள்ளையின் பெயர் பின்னுக்குமாக இருக்கும்; பள்ளி எதைக் குடும்பப் பெயராகப் பதிகிறதோ அப்படியேதான் பரீட்சைச் சான்றிதழிலும் வரும். பிறகு கடவுச்சீட்டோடு ஒத்துவராமல் பல்கலைக்கழகத்திலும் வேலையிலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆரம்பப் பள்ளியில் இயர் 6 மே மாதம் சாட்ஸ் பரீட்சை வரும். புள்ளி 80 முதல் 120 வரை. 100 எடுத்தால் எதிர்பார்த்த அளவு. இதைப் புலமைப்பரிசில் பரீட்சை என்று நினைத்து ரியூசனுக்கு ஓடத் தேவையில்லை. இடைநிலைப் பள்ளி இடம் அதற்கு முன்னமே, மார்ச் 1ஆம் திகதி, அறிவிக்கப்பட்டுவிடும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அதற்கு முந்திய ஒக்டோபர் 31. புலமைப்பரிசிலோடு ஒப்பிடக்கூடியது, பரீட்சை வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் கிரமர் பள்ளிகளின் லெவன் பிளஸ். அதை இயர் 6 தொடங்கியதும் செப்டம்பர் அளவில் வைப்பார்கள். பதிவு பெரும்பாலும் அதற்கு முந்திய கோடையிலேயே முடிந்துவிடும். எல்லாப் பகுதியிலும் கிரமர் பள்ளி இல்லை.

இடைநிலைப் பள்ளியில் முதலில் கேட்டு அறியவேண்டியது செட். பெரும்பாலும் கணிதத்துக்கும் பல இடங்களில் விஞ்ஞானத்துக்கும் பிள்ளைகளைத் தராதரப்படி பிரித்து வேறு வேறு வகுப்பறைகளில் இருத்துவார்கள். கீழ் செட்டில் இருக்கிற பிள்ளையை ஜி.சி.எஸ்.ஈ. கணிதத்தில் ஃபவுண்டேஷன் என்ற இலகுவான தாளுக்குப் போடுவது வழக்கம். அதில் ஒரு புள்ளிகூடத் தவறாமல் எழுதினாலும் கிடைக்கிற உச்சத் தரம் 5. ஹயர் என்ற கடினமான தாளில்தான் அதியுயர் தரமான 9 வரை போகலாம். ஊரின் உயர்தரம் போன்ற ஏ லெவலில் கணிதம் படிக்க அனேகமான பள்ளிகள் 6 அல்லது 7 கேட்கும். பிள்ளை எஞ்சினியராக வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்க, பள்ளியில் அது ஃபவுண்டேஷனுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம்.

ஊரில் கணக்கில் 90 வாங்கிய பிள்ளை இங்கே வந்து கீழ் செட்டில் விழுவதற்கு அனேகமாகக் காரணம் ஆங்கிலம். இங்கத்தைய தாளில் கணக்கு வசனத்துக்குள் புதைந்திருக்கும்: தள்ளுபடி, கலவை விகிதம், பஸ் நேர அட்டவணை என்று நாலைந்து வரி வாசித்தபிறகுதான் சமன்பாடு கைக்கு வரும். பிள்ளை சமன்பாட்டைச் செய்யும்; வசனத்தில் தடக்குப்படும். இதை ஆசிரியருக்கு எடுத்துச் சொல்வது பெற்றோரின் பொறுப்பு. வசனமில்லாத கணக்குகளைக் கொடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள்.

பெற்றோர் சந்திப்பில் ஒரு பாடத்துக்கு ஐந்து, பத்து நிமிடம் கிடைக்கும். “மகன் எப்படி?” என்று கேட்டால் நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்ற பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய இயலாது. எந்த செட், ஃபவுண்டேஷனா ஹயரா, இப்போது எந்தத் தரத்தில் நிற்கிறார், இலக்குத் தரம் என்ன, வாசிப்பு வயது (எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்கு ஆங்கிலம் வாசிக்கிறார்) என்ன, மேல் செட்டுக்குப் போக எந்தச் சோதனையில் எப்போது எவ்வளவு எடுக்கவேண்டும் என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். இயர் 9 முடிவதற்குள் கேட்பதுதான் நல்லது. இயர் 11 பங்குனியில் தாளை மாற்றுவது கடினம்.

இனி வரவு. ஊரில் 80 வீத வரவு என்ற பேச்சு வருவது உயர்தரத்துக்குப் பள்ளிக்கூடம் மூலம் தோற்றும்போது. இங்கே வரவு முதல் வகுப்பிலிருந்தே சட்டம். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை என நாளுக்கு இரண்டு தடவை பதிவு. பதிவு மூடியபின் வந்து சேர்ந்தால் அந்தக் காலை முழுவதும் வராத கணக்கு. வருடத்தில் 190 பள்ளி நாள். 19 நாள் தவறினாலே, வருத்தம் என்றாலும்கூட, தொடர்ந்து வராத பிள்ளை என்ற பட்டியலில் பெயர் ஏறும். வருத்தமென்றால் ஒவ்வொரு நாளும் காலையிலேயே பள்ளிக்கு அறிவியுங்கள்.

தண்டம் வேறு கதை. 2024 ஓகஸ்டிலிருந்து நாடு முழுவதும் ஒரே கணக்கு: பத்துப் பள்ளி வாரத்துக்குள் அனுமதியில்லாமல் பத்துப் பதிவு, அதாவது ஐந்து நாள், தவறினால் தண்டக் கடிதம் வரலாம். 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், 28 நாளுக்குள் என்றால் 160. இது ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் 320 பவுண், பிந்தினால் 640. மூன்று வருடத்துக்குள் இரண்டாம் தடவை என்றால் சலுகை இல்லை, நேரே 160. மூன்றாம் தடவை நீதிமன்றம் வரை போகலாம். அங்கே தண்டம் 2,500 பவுண் வரை ஏறலாம்.

எங்கள் ஆட்கள் இதில் அகப்படுவது பெரும்பாலும் ஊர்ப் பயணத்தால். மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் ஆடி அமாவாசைத் தீர்த்தம் பெரும்பாலும் கோடை விடுமுறையோடு ஒட்டி வரும், அதற்குப் போய்வரலாம். கண்ணகி அம்மன் வைகாசிச் சடங்கும் பாண்டிருப்புத் தீமிதிப்பும் பள்ளி நடக்கும் காலம். சமய நாள் என்று பள்ளி அனுமதிப்பது அந்தச் சமயத்தார் வழிபாட்டுக்கென்று ஒதுக்கிய நாளை மட்டும். கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு பார்க்க இரண்டு கிழமை என்றால் அது விடுமுறைப் பயணமாகத்தான் பதியப்படும். நெருங்கிய உறவில் மரணம் என்றால் அதிபர் சில நாள் அனுமதிக்கலாம். 31ஆம் நாள் கிரியை வரை பிள்ளையை ஊரில் மறிப்பது ஆபத்து: அனுமதியில்லாமல் தொடர்ந்து 20 பள்ளி நாள் வராவிட்டால், விசாரித்தபின் பெயரை இடாப்பிலிருந்து எடுக்க இடமுண்டு. காத்திருப்போர் பட்டியல் உள்ள பள்ளியில் அந்த இடம் திரும்பக் கிடைக்காமல் போகலாம். பெரியவர் ஒருவர் கிரியைக்கு நிற்க, மற்றவர் பிள்ளைகளோடு திரும்புவதுதான் வழி.

ஜி.சி.எஸ்.ஈ. மே மாதம் தொடங்கி ஜூன் வரை நடக்கும். கடைசித் தாள் முடிந்ததும் விமானம் ஏறலாம் என்று டிக்கெட் போடாதீர்கள். ஏதாவது தாள் நடத்த முடியாமல் போனால் வைப்பதற்கென்று ஜூன் பிற்பகுதியில் ஒரு மாற்று நாள் குறிக்கப்பட்டிருக்கும்; அந்த நாள் முடியும்வரை பிள்ளை இங்கே நிற்கவேண்டும். பரீட்சை மண்டபத்துக்குள் போனும் கைக்கடிகாரமும் கொண்டுபோகக் கூடாது. போன் நிறுத்தி வைத்தபடி பொக்கெற்றில் இருந்தாலும் முறைகேடுதான்; புள்ளி பறிபோகும். புதிதாக வந்த பிள்ளைக்குப் பெரும்பாலான பாடங்களில் ஆங்கில-தமிழ் அகராதி அனுமதிக்கப்படலாம், ஆங்கில மொழிப் பாடத்தில் இல்லை. பள்ளி முன்கூட்டியே ஒழுங்கு செய்யவேண்டும் என்பதால் இயர் 11 தொடக்கத்திலேயே கேளுங்கள். பரீட்சை நாளில் காய்ச்சல் என்றால் அன்று காலையே பள்ளிக்குச் சொல்லவேண்டும்.

ஆங்கிலத்திலோ கணிதத்திலோ தரம் 4 வராவிட்டால், 16க்குப் பிறகு எந்தக் கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தாலும் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படிக்கவேண்டும். தரம் 3 என்றால் ஜி.சி.எஸ்.ஈ.யையே திரும்ப எழுதவேண்டும். நவம்பரில் ஒரு வாய்ப்பு உண்டு. பெறுபேறு வருவது ஓகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை. சிக்ஸ்த் ஃபோர்ம் எனும் ஏ லெவல் வகுப்பிலும் கல்லூரியிலும் பதிவு அன்றைக்கோ அடுத்த சில நாளிலோ நடக்கும். அந்த நேரம் குடும்பம் ஊரில் நிற்கிறதென்றால், பெறுபேற்றை யார் வாங்குவது என்று பிள்ளை கையெழுத்திட்ட கடிதத்தைப் பள்ளி மூடுமுன் கொடுத்து, பதிவுக்குப் பிந்தி வர அனுமதியைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிவிட்டுப் புறப்படுங்கள்.