கட் ஆஃப் குறைய வேண்டும் என்று வேண்டலாமா?

அறிவியலில் ஆராய்ச்சிக்கும் உதவிப் பேராசிரியர் வேலைக்கும் தகுதி பார்க்கிற சிஎஸ்ஐஆர் நெட் தேர்வை எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள், தேர்வைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், ஆன்சர் கீ வந்ததற்கும் ரிசல்ட் வருவதற்கும் நடுவில் இருக்கிற நாட்களைத் தாங்க முடியாது என்பார்கள். மதிப்பெண் நமக்கே தெரிந்துவிடும். மொத்தம் 200. சி பகுதியில் சரியான விடைக்கு 4, தப்பு விட்டால் கையிலிருந்து 1 போய்விடும், கூட்டிக் கழித்தால் முடிந்தது. சந்தேகமான கேள்வி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்லலாம், நானும் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். தெரியாதது கட் ஆஃப், அதாவது தேறுவதற்கு வேண்டிய மதிப்பெண், ஒன்றுதான். வேதியியலில் போன முறை ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகைக்கான கட் ஆஃப் எங்கே நின்றதோ அதை ஒட்டியே என் மதிப்பெண்ணும் நிற்கிறது. கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டில் கை நீட்டாமல் பிஎச்டி முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் வரலாம், அதற்கும் கீழே பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று ஒரு வகை இருக்கிறது, அது வரலாம். தகுதியை வைத்து மெஸ் பில் கட்ட முடியாது.

அப்பத்தாவுக்கு இந்த வகையெல்லாம் புரியாது. ஆனால் நான் சோற்றில் கையை வைத்துக்கொண்டு போனைத் தேய்ப்பது தெரியும். "வெசாலக்கெழம பட்டமங்கலம் போயிட்டு வருவோம் ஆத்தா, அப்படியே பிள்ளையார்பட்டியையும் பாத்துக்கிருவோம்" என்றார். சரி, வீட்டில் உட்கார்ந்து ரெஃப்ரெஷ் பண்ணுவதற்கு அது மேல் என்று கிளம்பிவிட்டேன்.

காரைக்குடியில் பஸ் ஏறினோம். நான் சேர ஆசைப்படுகிற இடம் இதே ஊரில் இருக்கிற மின்வேதியியல் ஆய்வகம்தான். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டியது, அதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இதை அப்பத்தாவிடம் சொன்னதுதான் தாமதம், "அவுக அம்புட்டையும் தூக்கிக் குடுத்துட்டாக, இவுகளுக்கு ஒத்தக் காயிதம் குடுக்க இத்தன நாளா?" என்று கேட்டார், முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

குன்றக்குடி வந்ததும் பஸ்ஸுக்குள்ளிருந்தே மலையைப் பார்த்துக் கும்பிட்டார். முழங்கால் வலி, படி ஏறுகிற நிலையில் இல்லை. பெரிய மருதுவுக்கு முதுகில் ராஜபிளவை என்கிற கட்டி வந்து எந்த வைத்தியத்துக்கும் ஆறாமல், குன்றக்குடி முருகன் திருநீறு பூசி ஆறியது என்பார்கள், அதற்கு நன்றியாக அவர் செய்த திருப்பணி மேலே இருக்கிறது. எனக்கு ஏற ஆசைதான், ஆனால் பிள்ளையார்பட்டியில் கூட்டம் சேர்வதற்குள் போகவேண்டும்.

பிள்ளையார்பட்டி குடைவரைக்குள் நுழைந்ததும் எண்ணெய் வாசனையும் விளக்குச் சூடும் முகத்தில் அடிக்கும். கற்பக விநாயகரைச் செதுக்கிக் கொண்டுவந்து வைக்கவில்லை, மலையிலேயே குடைந்து எடுத்திருக்கிறார்கள். இரண்டே கைகள், அங்குசமும் கிடையாது பாசக்கயிறும் கிடையாது, தும்பிக்கை வலம் சுழித்து, வடக்குப் பார்த்த முகம். உள்ளே பெருந்தச்சன் என்று பெயர் வருகிற மிகப் பழைய கல்வெட்டு ஒன்றும் உண்டு. ஃபெலோஷிப்பே இல்லாத காலத்தில் ஃபர்ஸ்ட் ஆத்தராகப் பெயர் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் மனிதர், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் பையனும். பையனின் ஹால் டிக்கெட் பிளாஸ்டிக் கவரில், கூடவே ரப்பர் பேண்ட் போட்ட புதுப் பேனாக் கட்டு, மேல் பேனாவில் மஞ்சள் தடவியிருந்தது. குருக்கள் வாங்கிக்கொண்டுபோய்ப் பிள்ளையார் பாதத்தில் வைத்துவிட்டு அறுகம்புல்லோடு திருப்பிக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் அப்பத்தா என் இடுப்பில் இடித்து, "நீயும் எதையாச்சும் குடு" என்றார். தேர்வு முடிந்துபோனவள் எதைக் கொடுப்பது? கடைசியில் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அப்ளிகேஷன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். குருக்கள் ஒரு கணம் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வைத்து எடுத்துத் தந்தார். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

அப்போதுதான் இந்தக் குழப்பம் வந்தது. நான் என்ன வேண்டுவது? எழுதினது எழுதினதுதான், பிள்ளையாரே நினைத்தாலும் என் ரெஸ்பான்ஸ் ஷீட் மாறாது. மாறக்கூடியது கட் ஆஃப். அது குறையவேண்டும் என்று கேட்டால், ஜார்க்கண்டிலோ மதுரையிலோ என்னைப்போலவே போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிற யாரோ ஒருத்தி சரியாக எழுதியிருக்கக் கூடாது என்று கேட்பதாகிவிடுகிறது. அவளும் ஒரு கோயிலில் நின்று இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பாள். தோப்புக்கரணம் மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

பட்டமங்கலத்துக்கு அங்கிருந்து ஆட்டோ. அந்த ஊர்த் தட்சிணாமூர்த்தி கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார், மற்ற கோயில்களில் தெற்குப் பார்த்துதான் இருப்பார். வியாழக்கிழமை என்பதால் மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையுமாகக் கூட்டம். நவக்கிரக குரு வேறு, தட்சிணாமூர்த்தி வேறு, கொண்டைக்கடலை நவக்கிரக குருவுக்கு உரியது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மாலையைக் கையில் பிடித்திருக்கிற அப்பத்தாவிடம் அதை யார் சொல்வது.

இந்தத் தலத்தின் கதை திருவிளையாடல் புராணத்தில் அட்டமாசித்தி உபதேசித்த படலமாக வருகிறது. முருகனுக்குப் பால் கொடுத்த கார்த்திகைப் பெண்கள் ஆறு பேரும் கயிலாயத்துக்குப் போய், எங்களுக்கு அட்டமாசித்தி என்கிற எட்டு அபூர்வ சக்திகளைச் சொல்லித் தர வேண்டும் என்று கேட்டார்கள். இந்த உமையம்மையை நினைத்துத் தியானியுங்கள், அவள் தருவாள் என்று சொல்லித்தான் இறைவன் உபதேசம் செய்தார். இவர்கள் மறந்துவிட்டார்கள். வந்தது கோபம், பட்டமங்கையில் ஆலமரத்தடியில் ஆயிரம் வருஷம் கற்பாறையாகக் கிடங்கள் என்று சபித்துவிட்டார்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். இந்தமுறை எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாடத்தைக் கவனிக்காததற்கு ஆயிரம் வருஷமா? எங்கள் கல்லூரியில் வகுப்புக்கு வெளியேதான் நிற்க வைப்பார்கள். ஆனாலும் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது, இத்தனை வருஷம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், எனக்கு அதுவும் இல்லையே என்று ஆலமரத்தடியில் உட்கார்ந்து புலம்பினேன்.

அப்பத்தா முழங்காலை நீவிக்கொண்டே, "முழுசாக் கேளு. ஆயிரம் வருசம் முடிஞ்சதும் அவுகளா எந்திரிச்சுப் போகல. அவரே மதுரையிலேர்ந்து வாத்தியாரா வந்து, கல்லாக் கெடந்தவுகள எழுப்பி, அந்தப் பாடத்தையே மறுக்காச் சொல்லிக் குடுத்தாரு" என்றார்.

இதை நான் யோசித்ததே இல்லை. என் சீனியர் அக்காக்களைப் பார்த்திருக்கிறேன். ஜேஆர்எஃப் முதல் தடவையிலேயே வாங்கியவர் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு சரியில்லாமல் நாலு வருஷம் அழுதுகொண்டிருந்தார். ப்ராஜெக்ட் காசில் காலம் தள்ளிய இன்னொருவர், புரியாததை எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லித்தருகிற கைடு வாய்த்ததால் சிரித்த முகமாகவே தீசிஸ் கொடுத்தார். பணம் மாதா மாதம் வரும், பேப்பரைத் திருத்தித் தர மனிதர்தானே வேண்டும். மறந்தவர்களைச் சபித்தாலும் திரும்ப வந்து நடத்துகிற வாத்தியார் கிடைத்தால் போதும் என்று சந்நிதியில் போய் நின்று அதைக் கேட்டேன். யாரும் தோற்கத் தேவையில்லாத வேண்டுதல், அந்த நிம்மதியும் சேர்ந்துகொண்டது.

வெளியே வந்ததும் என்ன வேண்டினாய் என்று அப்பத்தா கேட்டார். சொன்னேன்.

"நல்லதுதான். அந்த முப்பத்தேழாயிரத்துக்கும் சேத்து நான் வேண்டிக்கிட்டேன்" என்றார். அவருக்கு ஒன்றும் புரியாது என்று நான் எழுதியதை அடித்துவிடுங்கள்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. போக நினைப்பவர்களுக்கு: வியாழக்கிழமை என்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள், இரண்டு கோயிலையும் ஒரே வேளையில் பார்க்கவேண்டும். பிள்ளையார்பட்டியிலிருந்து போகிற ஆட்டோவைப் பட்டமங்கலத்தில் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது.