நே என்றால் ஆமாவா, இல்லையா?

அலுவலக சர்வரில் ஒரு பழைய ஃபோல்டரை அழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வீடியோ மீட்டிங்கில், எங்களோடு வேலை செய்யும் கிரேக்கரிடம், "அழித்துவிடட்டுமா?" என்று கேட்டேன். அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே, வேறு எதையோ பார்த்தபடி, "நே, நே" என்றார்.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! முன்பு ஒரு செக் நாட்டுக்காரரோடு இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். அவர் 'நே' என்றால் முடியாது, கிடையாது, பேச்சே இல்லை. அதனால் ஃபோல்டரைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை சர்வர் நிரம்பி எல்லோருடைய வேலையும் நின்றது. "ஆமாம் என்று இரண்டு முறை சொன்னேனே?" என்று கிரேக்கரிடமிருந்து மெயில்.

அப்புறம்தான் தெரிந்தது, கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம். இல்லை என்பதற்கு 'ஓஹி'. அவசரத்தில் கேட்டால் அது 'ஓகே' மாதிரியே காதில் விழும். 1940-ல் முசோலினியின் மிரட்டலுக்கு இல்லை என்று சொன்னதை நினைத்து, அக்டோபர் 28 அன்று அந்த ஊரில் 'ஓஹி' தினம் என்று விடுமுறையே விடுகிறார்கள். செக் 'நே' வேறு வம்சம். சமஸ்கிருத 'ந'வுக்கும் ஆங்கில 'நோ'வுக்கும் பங்காளி. ஆனால் செக் பேச்சுவழக்கில் 'நோ' என்றால் ஆமாம்! இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொரியர்களுக்கும் 'நே' ஆமாம்தான். துருக்கியர்களுக்கு 'என்ன?'. ஜப்பானியர்கள் வாக்கியக் கடைசியில் ஒட்டுகிற 'நே', நம்முடைய "வெயில் ஜாஸ்தி, இல்ல?"யில் வரும் 'இல்ல' மாதிரி.

வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தபோது மகள் பரீட்சைக்காக நன்னூலின் 42 ஓரெழுத்து ஒருமொழிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "நே – அன்பு, நை – இழிவு, நோ – வறுமை." அன்பாம்! அந்த மெயிலை அவள் படிக்கவில்லை.

சரி, இனி வாய்ப்பேச்சே வேண்டாம் என்று அடுத்த மீட்டிங்கில் எல்லோரையும் தலையாட்டச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பல்கேரியப் பெண் மேலும் கீழுமாக அழகாக ஆட்டினார். உடனே அவருடைய ஃபோல்டரை அழித்தேன். பல்கேரியாவில் அப்படி ஆட்டினால் 'இல்லை' என்று அர்த்தமாம்.

நல்லவேளை, பேக்கப் இருந்தது. "எல்லாம் திரும்பக் கிடைத்ததா?" என்று கிரேக்கர் கேட்டார்.

"நே" என்றேன். எந்த மொழி என்று சொல்லவில்லை.