காம்போவை வாலிலிருந்து பழகுங்கள்

வீடியோ கேமில் இடைவெளி விடாமல் அடுக்கி அடிக்கும் அடிகளுக்குத்தான் காம்போ என்று பெயர். யூடியூபில் எந்த காம்போ வீடியோவை எடுத்தாலும் முதல் அடியிலிருந்துதான் தொடங்குவார்கள். இதை அழுத்து, அடுத்து அதை அழுத்து, முப்பது அடி விழும், பார் என்பார்கள். நான் அண்ணன் மகனுக்குக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுக்கிறேன். காம்போ முடிந்த நொடியில் நீ எங்கே நிற்பாய்? ஸ்டாமினா, அதாவது அடிக்கவும் தப்பவும் தேவையான தெம்பு, எவ்வளவு மிச்சமிருக்கும்? முதலில் அசையப்போவது நீயா, எதிரியா? இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் முதல் பட்டனைத் தொட வேண்டும். மும்பை செம்பூரில் ஹார்பர் லைன் லோக்கல் வண்டி ஏறுகிறவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குர்லாவில் எந்தப் பக்கம் பிளாட்ஃபாரம் வரும் என்று தெரிந்தால்தான் பெட்டிக்குள் எங்கே நிற்பது என்றே முடிவாகும்.

அவன் இப்போது எல்டன் ரிங் ஆடுகிறான். 2022இல் வந்த கேம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா தூங்கப் போனதும் டிவி எங்கள் கைக்கு வரும். அவன் கை வேகம் எனக்குக் கிடையாது, அவ்வளவு அழகாக அடிப்பான். ஆனால் பாஸ் என்ற பெரிய எதிரியின் உயிர் கடைசி ஓரத்துக்கு வந்துவிட்டால் போதும், பட்டனை விடவே மாட்டான்.

“அத்தே, இன்னும் ஒரே அடி, செத்துருவான்!”

“அந்த ஒரு அடிக்கு அப்புறம் உன்கிட்ட என்ன இருக்கு, அதைச் சொல்லு.”

எல்டன் ரிங்கில் ஸ்டாமினாவைக் காட்டும் பச்சைப் பட்டையில் ஒரு துளி மிச்சமிருந்தாலும் கேம் உங்களைப் பெரிய அடி அடிக்க விடும். ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஸ்டாமினா பூஜ்யத்தில் நிற்பதில்லை, அதற்கும் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் நிரம்பின பிறகுதான் அடுத்த ரோலே, அதாவது உருண்டு தப்புவதே, கிடைக்கும். பயந்து கேடயத்தைத் தூக்கிப் பிடித்தால் பட்டை ஏறும் வேகம் இன்னும் குறைகிறது. எனவே நான் அவனுக்கு வைத்திருக்கும் சட்டம்: மூன்று அடிக்கு இடமிருந்தால் இரண்டு அடி, மூன்றாவதின் ஸ்டாமினா ரோலுக்கு. பாஸ் சாகக் கிடந்தாலும் இதில் மாற்றமில்லை. சாகக் கிடக்கும்போதுதான் இது அதிகம் தேவைப்படுகிறது.

மார்கிட் என்ற பாஸை வைத்தே இதை முழுசாகப் படிக்கலாம். தடியை ஓங்கிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பான். ஓங்கியதைப் பார்த்ததும் உருளுகிறவர் எழுந்து நிற்கும் தருணத்தில் சரியாக அடி இறங்கும். அடுத்து பதற்றத்தில் இன்னொரு ரோல், இன்னொரு ரோல். ஒரு அடிகூட அடிக்காமலே பட்டை காலியாகிவிடும். ஸ்டாமினா தீர்வது அடிப்பதால் மட்டும் என்று நினைப்பவர்கள், தாங்கள் எத்தனை தடவை வீணாக உருளுகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தடி கீழே வரத் தொடங்கும்வரை காத்திருந்து, அவனை விட்டு விலகாமல் அவன் பக்கமாகவே உருண்டால் ஒரே ரோலில் அவன் முதுகுப்பக்கம் வந்துவிடலாம். மிச்சமாகிற ஸ்டாமினாதான் நம் காம்போ.

கொஞ்சம் பழைய கதை. 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உருவானபோது காம்போ என்ற ஒன்றை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தயாரிப்பாளர் நொரிடாகா ஃபுனாமிசு, கார் உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒரு அடி முடியுமுன் இன்னொரு அடியை நுழைக்க முடிவதைக் கவனித்தார். அது பிழைதான். ஆனால் நேரம் பிடிப்பது ரொம்பக் கஷ்டம், அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இன்று ஒரு சண்டை கேமை எடை போடுவதே அதன் காம்போவை வைத்துத்தான். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

தாராவியில் நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது அண்ணன் என்னையும் வீடியோ கேம் பார்லருக்குக் கூட்டிப்போவான். அங்கே ராஜா ‘முஸ்தஃபா’தான். உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், 1993இல் கேப்காம் நிறுவனம் கொண்டுவந்தது. அந்தப் பெயரை பார்லரில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடி பட்டனையும் ஜம்ப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் பறப்பார்கள், கூடவே நம் உயிரும் கொஞ்சம் குறையும். அடிக்கு ஒரு விலை உண்டு என்பதை எனக்குச் சொன்ன முதல் கேம் அது. எந்த நேரத்தில் அந்த விலையைக் கொடுக்கலாம் என்று அண்ணன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பான்.

அதே கணக்கை மிக நுணுக்கமாகப் போட்டிருப்பது 2023இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. டிரைவ் கேஜ் என்ற சக்திப் பட்டையில் ஆறு கட்டம். ஸ்பெஷல் அடியை வலுவாக்கும் ஓவர்டிரைவ் அடிக்கு இரண்டு. ஒரு சாதாரண அடியைப் பாதியில் வெட்டி, முன்னே பாயும் டிரைவ் ரஷ்ஷுக்குப் போனால் மூன்று. ஒரே காம்போவில் அப்படி இரண்டு ரஷ் வைத்தால் ஆறும் காலி. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். அதோடு பர்ன்அவுட் வந்துவிடும். கேஜ் முழுசாக நிரம்பும்வரை டிரைவ் வித்தை எதுவும் கிடையாது. தடுத்தாலும் நான்கு ஃபிரேம் (திரையில் ஓடும் ஒரு படம் ஒரு ஃபிரேம்) கூடுதலாக உறைந்து நிற்பீர்கள், ஸ்பெஷல் அடிகளைத் தடுத்தால்கூட உயிர் கசியும், சுவரோரம் டிரைவ் இம்பாக்ட் என்ற பேரடியைத் தடுத்தால்கூட தலை சுற்றி நிற்க வேண்டியதுதான். இன்னொரு பக்கம், காம்போ நீள நீள ஒவ்வொரு அடியின் சேதமும் குறைந்துகொண்டே போகும். ஆக, வாலில் இருக்கும் அடிகள்தான் அதிகம் செலவு வைக்கின்றன, குறைவாகத் திருப்பித் தருகின்றன. அந்த காம்போ எதிரியை முடித்துவிடும் என்றால் ஆறையும் கொட்டுங்கள். முடிக்காது என்றால் பாதியில் நிறுத்துங்கள். அழகான காம்போவைப் பாதியில் நிறுத்தக் கற்றவர்தான் என் கண்ணுக்கு நல்ல ஆட்டக்காரர்.

நிறுத்தப் பழகுவதற்குப் பயிற்சி இருக்கிறது. ட்ரெயினிங் மோடில் எதிரியின் தடுப்பை ரேண்டமில் வையுங்கள், எப்போது தடுப்பான் என்று தெரியாதபடி. லைட் அடி இரண்டு மூன்று தொடர்ந்து கொடுங்கள். பட்டால் ஷோரியூகென் (மேலெழும்பிக் குத்தும் ஸ்பெஷல் அடி), தடுத்தால் அங்கேயே நிறுத்தம். தடுக்கப்பட்ட ஷோரியூகெனுக்குப் பிறகு நீங்கள் திறந்த வீடு, எதிரி தன் பெரிய காம்போவைப் பொறுமையாகத் தொடங்குவான். கண் உங்கள் ஆள் மேல் இருக்கக் கூடாது, எதிரி மேல் இருக்க வேண்டும். இதைச் சலிக்காமல் செய்தால் முப்பது அடி காம்போ தெரிந்தவரைவிட நீங்கள் அதிகம் ஜெயிப்பீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிவியில் ‘கேம் மோட்’ போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிவினாடி. படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். கை சரியாக இருந்தும் காம்போ அறுந்துகொண்டே இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அடிப்பதையும் மூச்சு வாங்குவதையும் ஒரே தாளத்தில் கட்டிய கேம் என்றால் எனக்கு நியோதான். டீம் நின்ஜா செய்தது, 2017. அங்கே ஸ்டாமினாவுக்குப் பெயர் கி. அடித்து முடித்ததும் உடம்பைச் சுற்றி நீலப் புள்ளிகள் வந்து கூடும். அவை முழுசாகக் கூடும் தருணத்தில் ஆர்1 பட்டனை அழுத்தினால், செலவான கியில் பெரும்பங்கு திரும்பி வரும். அவசரப்பட்டு முன்பே அழுத்தினால் கொஞ்சம்தான். அண்ணன் மகனை வாய்விட்டுச் சொல்லவைத்தேன்: “அடி, அடி, மூச்சு. அடி, அடி, மூச்சு.” பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் ஒரு மதியத்துக்குள் மூச்சும் காம்போவின் ஒரு பட்டன் என்று அவன் கைக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு எல்டன் ரிங்கிலும் அவன் தானாகவே இரண்டாவது அடியில் நிறுத்துகிறான்.

அடுத்து அவனுக்கு செகிரோ கொடுக்கப் போகிறேன். 2019இல் வந்தது, எல்டன் ரிங் செய்த அதே ஃப்ரம்சாஃப்ட்வேர்தான். ஆனால் அதில் ஸ்டாமினா பட்டையே கிடையாது. போஸ்ச்சர் மட்டும்தான், அடி வாங்கினாலும் தடுத்தாலும் ஏறி, நிறைந்தால் நிலைகுலைய வைக்கும் பட்டை அது. அதுவும் தடுப்பு பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றால் சீக்கிரம் தணியும். கேடயத்தை இறக்கு, இறக்கு என்று இவ்வளவு நாள் அவன் காதில் ஓதியதெல்லாம் அங்கே தலைகீழ். முதல் வாரம் என்னோடு சண்டை பிடிப்பான். பிடிக்கட்டும், அந்த வாதத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.